வெக்டார் படம் ராஸ்டர் ஆகும்போது: சர்வரில் தமிழ் ஏன் உடைகிறது?

2023 நவம்பர் மாதம். இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"தம்பி, நீங்க அனுப்பின மேப்பு வாட்ஸ்அப்ல வந்துச்சு. தெரு எல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா பேரு இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. எது மேடு, எது பள்ளம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

என் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. "இல்லையே சார், எனக்குச் சரியாத்தான் தெரியுது" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சு என்ன தம்பி பிரயோஜனம்? எங்களுக்குல்ல தெரியணும்!" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

நான் ஒரு சாஃப்ட்வேர் எஞ்ஜினியர். வீடு மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டி. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அப்போது நான் பொறியியல் முதலாண்டு மாணவன். அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. இருட்டில் எந்தத் தெரு வழியாகப் போனால் மேட்டுக்குப் போகலாம் என்று தெரியாமல் பலர் பள்ளமான பக்கமே நடந்தார்கள். அந்த நாட்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்து வைக்கும் ஓர் இணைய வரைபடம் சென்னை முழுவதற்கும் இயங்கியது. அதைப் பார்த்த நாளிலிருந்தே எங்கள் பகுதிக்கு மட்டும் தமிழில் ஒரு சிறிய வரைபடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2023இல்தான் அது கைகூடியது. மேடான தெருவுக்குப் பச்சை, பள்ளமான தெருவுக்குச் சிவப்பு, நடுவில் தெருப் பெயர்கள். அவ்வளவுதான்.

அந்தப் படம் என் கம்ப்யூட்டரிலிருந்து செயலாளரின் போனுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் இடறியது. அந்த மூன்றையும் சொன்னால், வெக்டார் படம் என்றால் என்ன, ராஸ்டர் படம் என்றால் என்ன, ஒரு வெப் சர்வர் ஒன்றை மற்றொன்றாக எப்படி மாற்றுகிறது என்பது உங்களுக்கு எளிதாகப் புரிந்துவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் பயப்படாமல் படிக்கலாம்.

கோலமும் கோலத்தின் போட்டோவும்

உங்கள் வீட்டில் கோல நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று எழுதியிருக்கும். இது கோலத்தைப் போடும் முறை. இதை வைத்து வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவிலும் போடலாம், கோயில் வாசலில் பத்தடி அகலத்திலும் போடலாம். இரண்டிலும் கோடு கோடாகவே இருக்கும்.

அதே கோலத்தை மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் கோடு மங்கி, சிறு சிறு சதுரங்களாகத் தெரியும். போட்டோவுக்குள் கோடு என்று எதுவும் இல்லை. வரிசை வரிசையாக வண்ணப் புள்ளிகள்தான் இருக்கின்றன. இந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்ஸல்.

கோல நோட்டுதான் வெக்டார். போட்டோதான் ராஸ்டர். "இங்கிருந்து அங்கு வரை கோடு போடு, இந்த நிறம் பூசு, இந்த இடத்தில் இந்தப் பெயரை எழுது" என்ற கட்டளைகளின் பட்டியலே வெக்டார் ஃபைல். இணையத்தில் இதற்குப் பொதுவாகப் பயன்படும் வடிவம் எஸ்விஜி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001 செப்டம்பரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. ஓர் எஸ்விஜி ஃபைலை நோட்பேடில் திறந்தால், ஆங்கிலச் சொற்களும் எண்களும் வரிவரியாகத் தெரியும். அதுதான் கோல நோட்டு! ராஸ்டர் ஃபைல்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மொபைல் கேமரா தரும் ஜேபிஜி, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வரும் பிஎன்ஜி இரண்டும் அந்த வகை.

வெக்டார் இருக்க ராஸ்டர் எதற்கு?

நல்ல கேள்வி. இன்றைய பிரவுசர்கள் எல்லாமே எஸ்விஜியை நேரடியாகக் காட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் 2011இல் வந்த 9ஆம் பதிப்பு வரை அந்த வசதி இல்லை. ஆனால் படம் பிரவுசருக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. வாட்ஸ்அப்பில் எஸ்விஜியை அனுப்பினால் போட்டோவாக விரியாது, ஒரு டாக்குமெண்டாகப் போய் நிற்கும். இணைப்பை அனுப்பும்போது கூடவே வரும் சிறிய முன்னோட்டப் படத்துக்கும் ஜேபிஜி அல்லது பிஎன்ஜிதான் வேண்டும். பிரிண்ட் எடுக்கும் கடைக்காரரும் "ஜேபிஜியா, பிடிஎஃபா?" என்றுதான் கேட்பார்.

எனவே ஏற்பாடு இப்படி: மூலப் படம் எஸ்விஜியாக சர்வரில் இருக்கும். யாராவது படம் கேட்டால், சர்வரே அதை பிஎன்ஜியாக மாற்றிக் கொடுக்கும். ஒரு தெருவின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் எஸ்விஜியில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். போனுக்குச் சிறியது, கம்ப்யூட்டருக்குப் பெரியது என்று எல்லா அளவுகளையும் சர்வர் புதிதாகத் தயாரித்துவிடும். நானும் மாத வாடகைக்கு ஒரு சிறிய சர்வரில் இடம் எடுத்து அப்படித்தான் செய்தேன்.

சர்வருக்குள் நடப்பது என்ன?

மாற்றும் வேலைக்கு ராஸ்டரைஸ் செய்வது என்று பெயர். அதில் நான்கு கட்டங்கள் உண்டு.

1. எஸ்விஜி ஃபைலைப் படித்து, என்னென்ன கட்டளைகள் உள்ளன என்று பட்டியலிடுவது.

2. கேட்ட அகலத்துக்கு ஏற்ப ஒரு வெற்றுக் கட்டத்தாளை மெமரியில் விரிப்பது. 1000 பிக்ஸல் அகலம், 800 பிக்ஸல் உயரம் என்றால் 8 லட்சம் சதுரங்கள்.

3. ஒவ்வொரு கட்டளைப்படியும் எந்தெந்தச் சதுரத்துக்கு என்ன நிறம் என்று கணக்கிட்டு நிரப்புவது. சாய்வான கோடு ஒரு சதுரத்தைப் பாதி மட்டும் மறைத்தால், அந்தச் சதுரத்துக்குப் பாதி நிறம் பூசப்படும். கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். இதைச் செய்யாவிட்டால் கோடு ரம்பத்தின் பல்லைப் போலத் தெரியும்.

4. நிரப்பி முடித்த தாளைச் சுருக்கி பிஎன்ஜி ஃபைலாக எழுதுவது. நாம் சொன்ன 8 லட்சம் சதுரங்களுக்கு, சதுரத்துக்கு 3 பைட் வீதம் 24 லட்சம் பைட் ஆகும். வரைபடத்தில் ஒரே நிறம் நீளமாக வருவதால் பிஎன்ஜி இதை நன்றாகச் சுருக்கிவிடும், ஒரு புள்ளியும் மாறாது. ஜேபிஜி போட்டோவுக்கு நல்லது. எழுத்துகளின் ஓரத்தில் அது அழுக்குப் படிந்தது போலக் கறை விடும். எனவே வரைபடத்துக்கு பிஎன்ஜிதான் பொருத்தம்.

மூன்றாம் கட்டத்தில் கோடும் நிறமும் எளிது. சிக்கல் எழுத்தில்தான்.

முதல் இடறல்: கட்டம் கட்டமாக

எஸ்விஜி ஃபைலுக்குள் எழுத்தின் உருவம் இருப்பதில்லை. "இந்த இடத்தில் 'பள்ளம்' என்று எழுது, ஃபாண்ட் இன்னது" என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கான வாசகத்தைக் கையால் எழுதி அச்சகத்தில் கொடுப்பது போல. அச்சுக்கோக்கும் அந்தக் கால அச்சகத்தில் தமிழ் எழுத்து அச்சுகளே இல்லையென்றால் பத்திரிகை எப்படி வரும்?

என் கம்ப்யூட்டரில் விண்டோஸுடன் வந்த நிர்மலா என்ற ஃபாண்ட் இருந்தது. அதில் தமிழ் உண்டு. வாடகை சர்வர் லினக்ஸ் கம்ப்யூட்டர், அதில் ஆங்கில ஃபாண்ட் மட்டும்தான் இருந்தது. 'ப' என்ற எழுத்துக்கு உருவம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததால் ஒரு வெற்றுக் கட்டத்தை வைத்துவிட்டது. இந்தக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் டோஃபு. டோஃபு என்பது பனீர் துண்டு போலச் சதுரமாக இருக்கும் சோயா கட்டி. கூகுள் வெளியிட்ட நோட்டோ ஃபாண்ட் குடும்பத்தின் பெயரே 'டோஃபு இனி இல்லை' என்ற பொருளில் வந்ததுதான்.

தீர்வு எளிது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைச் சர்வரில் நிறுவினேன். மறுபடி படம் எடுத்துப் பார்த்தேன். கட்டங்கள் போய்த் தமிழ் வந்துவிட்டது. நிம்மதியாகக் குழுவில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

இரண்டாவது இடறல்: பள்ளம் சரி, மேடு எங்கே?

மறுநாள் காலை செயலாளரிடமிருந்து மறுபடி போன். "தம்பி, பள்ளம்னு போட்டது தெளிவா இருக்கு. இன்னொண்ணு 'மடே'ன்னு ஏதோ இருக்கே, அது என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் 'மேடு' என்று இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இரட்டைக் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நின்றது. அதனால் அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து 'மடே' என்று தெரிந்தது. கடைசியில் ஓர் உகரக் குறி தனியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்த மேடவாக்கம் 'மடேவாக்கம்' ஆகியிருந்தது.

வெள்ளத்துக்கான வரைபடத்தில் பள்ளம் படிக்க முடிகிறது, மேடு படிக்க முடியவில்லை! இதைவிட மோசமான படத்தை நான் வேண்டுமென்றே வரைந்திருந்தாலும் வந்திருக்காது.

இது ஏன் என்று பார்ப்போம். தமிழில் 247 எழுத்துகள் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். யூனிகோட் முறையில் அத்தனைக்கும் தனித்தனி எண் கிடையாது. மெய்யைக் குறிக்க, அகரமேறிய எழுத்துக்கு ஓர் எண். ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் ஓர் எண். 'மே' என்பது 'ம' என்ற எண்ணும், அதன் பின் இரட்டைக் கொம்பின் எண்ணும். உச்சரிக்கும் வரிசையில் 'ம' முதலில், கொம்பு பிறகு. ஆனால் எழுதும்போது கொம்புதான் முதலில் வர வேண்டும். 'ரோ' இன்னும் வேடிக்கை. அதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போக வேண்டும்.

குரோம்பேட்டை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 6 எழுத்து. ஃபைலுக்குள் 12 எண்கள். 'கு'வில் உருவமே மாற வேண்டும், 'ரோ'வில் குறி பிரிய வேண்டும், 'பே'யிலும் 'டை'யிலும் குறி முன்னால் தாவ வேண்டும். இந்த 12 எண்களைப் பார்த்து, எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு தனி புரோகிராம் தேவை. இந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். அதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச புரோகிராம்தான் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டு போனிலும் நாம் தினமும் படிக்கும் தமிழை ஒழுங்காக நிறுத்தி வைக்கிறது.

'பள்ளம்' என்ற சொல்லில் முன்னால் தாவும் குறி எதுவும் இல்லை. ஷேப்பிங் இல்லாமலே அது தப்பித்துவிட்டது. 'மேடு' மாட்டிக்கொண்டது.

நான் செய்த தவறு என்ன? மாற்றும் வேலையை இமேஜ்மேஜிக் என்ற புரோகிராமிடம் கொடுத்திருந்தேன். அது 1990இல் வெளிவந்த, நூற்றுக்கு மேற்பட்ட பட வடிவங்களைக் கையாளும் கெட்டிக்கார புரோகிராம். ஆனால் எஸ்விஜி வந்தால் அந்த வேலையை லிப்ஆர்எஸ்விஜி அல்லது இங்க்ஸ்கேப் போன்ற வேறு ஒரு புரோகிராமிடம்தான் ஒப்படைக்கும். அவை சர்வரில் இல்லையென்றால் தன்னிடமிருக்கும் எளிய முறையில் தானே வரைந்துவிடும். என் சர்வரில் நடந்தது அதுதான். ஷேப்பிங் இல்லாமல் எண் வரிசைப்படியே எழுத்துகளை அடுக்கிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. அதைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் பார்த்தாலும் படம் சரி என்றுதான் சொல்வார். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

லிப்ஆர்எஸ்விஜியை நிறுவி, மாற்றும் வேலையை நேரடியாக அதனிடமே கொடுத்தேன். அது ஹார்ஃப்பஸ் துணையோடு எழுத்தை அமைக்கும். மேடு மேடாகவே வந்தது.

மூன்றாவது இடறல்: சரி செய்த பிறகும் பழைய படம்

என் சோதனையில் படம் சரி. ஆனால் செயலாளர் போனில் இன்னும் 'மடே'தான்! காரணம் கேஷ்.

ஒரு படத்தை மாற்ற சர்வருக்குச் சற்று நேரமும் மெமரியும் செலவாகும். நூறு பேர் கேட்டால் நூறு முறை மாற்றுவது வீண். எனவே முதல்முறை மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கு அதையே கொடுக்கும். காலையில் ஒரு தடவை டிகாக்ஷன் இறக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலேயே காபி கலப்பது போல. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் புரோகிராமை மாற்றினேனே தவிர, எஸ்விஜி ஃபைலைத் தொடவில்லை. "மூலப் படம் மாறவில்லை, பழையதே போதும்" என்று சர்வர் நினைத்துக்கொண்டது. சேமித்த படங்களை அழித்துவிட்டு, ஃபைல் பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்துப் புதிய பெயரில் வைத்தேன். பெயர் புதிது என்பதால் போன்களிலும் புதுப் படமே இறங்கியது.

விக்கிப்பீடியாவில் இதே வேலை

இந்த வேலை உலக அளவில் நடப்பதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தியா பற்றிய கட்டுரையைத் திறங்கள். தேசியக் கொடியின் மேல் ரைட் கிளிக் செய்து, படத்தைப் புதிய டேபில் திறந்து, மேலே முகவரியைப் பாருங்கள். கடைசியில் எஸ்விஜி என்றும் அதன் பின் பிஎன்ஜி என்றும் இரண்டும் சேர்ந்து வரும். இடையில் ஓர் அகலமும் இருக்கும். அதாவது மூலம் எஸ்விஜி, உங்களுக்கு வந்தது அந்த அகலத்தில் சர்வர் தயாரித்த பிஎன்ஜி. இதற்கு விக்கிமீடியா சர்வர்கள் பயன்படுத்துவதும் நான் கடைசியில் வந்து சேர்ந்த அதே லிப்ஆர்எஸ்விஜிதான். முதலிலேயே அங்கே எட்டிப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்!

விக்கிப்பீடியாவின் படங்கள் இருக்கும் இடம் விக்கிமீடியா பொதுவகம். 2004இல் தொடங்கியது. அங்கே ஒரே எஸ்விஜிக்குள் பல மொழிப் பெயர்களையும் வைக்க வசதி உண்டு. தமிழ்க் கட்டுரை கேட்டால் தமிழ்ப் பெயர்களுடன், இந்திக் கட்டுரை கேட்டால் இந்திப் பெயர்களுடன் சர்வர் பிஎன்ஜி தயாரித்துத் தரும். ஆனால் நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஃபாண்ட் அவர்களுடைய சர்வரில் இல்லாவிட்டால், அங்கிருக்கும் வேறு தமிழ் ஃபாண்டில்தான் வரும். அகலம் கூடிக் குறைந்து, பெயர் கோட்டின் மேல் ஏறிவிடலாம். எனவே பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வரைவது நல்லது.

அகலத்துக்கு ஒரு கடிவாளம்

சர்வரை நீங்களே வைத்திருந்தால் இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது அளவு. முகவரியில் அகலத்தைக் குறிப்பிட்டால் அந்த அளவில் படம் வரும்படி நான் வைத்திருந்தேன். யாராவது விளையாட்டாக 10,000 பிக்ஸல் அகலமும் அதே உயரமும் கேட்டால் என்ன ஆகும்? 10 கோடி சதுரங்கள். வேலை நடக்கும்போது சதுரத்துக்கு 4 பைட் வீதம் 40 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 400 எம்பி மெமரி. என் சர்வரின் மொத்த மெமரியே 512 எம்பி! ஒரே ஒருவர் கேட்டாலே சர்வர் படுத்துவிடும். எனவே 400, 1000, 2500 என்று மூன்று அகலங்களை மட்டும் அனுமதித்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற தளங்கள் வேறு வழி செய்கின்றன. வரைபடத்தை 256 பிக்ஸல் சதுரத் துண்டுகளாக வெட்டி, கேட்ட துண்டை மட்டும் வரைகின்றன. ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் துண்டுகள் நான்கு மடங்காகும். உலகம் முழுவதும் 18ஆம் ஜூம் அளவில் 6,871 கோடிக்கும் மேல் துண்டுகள். அத்தனையையும் முன்கூட்டியே வரைந்து வைக்க முடியாது என்பதால்தான் கேட்டபோது வரைந்து, கேஷில் வைக்கிறார்கள்.

இரண்டாவது பாதுகாப்பு. எஸ்விஜி என்பது கட்டளைகளின் பட்டியல் என்று பார்த்தோம். கட்டளை என்றால் கெட்ட கட்டளையும் இருக்கலாம். 2016 மே மாதம் இமேஜ்மேஜிக்கில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. படம் என்ற பெயரில் தந்திரமாக எழுதிய ஒரு ஃபைலை அனுப்பினால், சர்வரிலேயே விரும்பிய கட்டளையை இயக்கிவிட முடிந்தது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் முன்பின் தெரியாதவர் தரும் எஸ்விஜியை உங்கள் சர்வரில் மாற்ற அனுமதிக்காதீர்கள். புரோகிராம்களை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

சர்வர் இல்லாவிட்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்கலாம். இங்க்ஸ்கேப் என்ற வெக்டார் புரோகிராம் இலவசம். அதன் தளத்திலிருந்து இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.

1. எழுதும் கருவியைத் தேர்ந்தெடுத்து குரோம்பேட்டை என்று டைப் செய்யுங்கள். ஒரு தமிழ் யூனிகோட் ஃபாண்டைக் கொடுங்கள். சேமித்தால் எஸ்விஜி ஃபைலாகப் பதிவாகும்.

2. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அகலம் 300 என்று கொடுத்து ஒரு பிஎன்ஜி, 3000 என்று கொடுத்து இன்னொரு பிஎன்ஜி எடுங்கள்.

3. இரண்டையும் திறந்து ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறியதில் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும், பெரியதில் வழவழப்பாக இருக்கும். சிறிய பிஎன்ஜியை எவ்வளவு இழுத்தாலும் பெரியது போல ஆகாது. எஸ்விஜியிலிருந்து புதிதாக எடுத்தால்தான் உண்டு.

4. இப்போது அந்த எஸ்விஜியின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் என்பதைக் கிளிக் செய்து சேமியுங்கள். இப்போது எழுத்து வெறும் கோட்டுருவமாக மாறிவிட்டது. இனி எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்தச் சர்வரில் மாற்றினாலும் ஃபாண்டும் தேவையில்லை, ஷேப்பிங்கும் தேவையில்லை.

நான்காவது வழிதான் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமே என்று தோன்றும். ஒரு குறை உண்டு. கோட்டுருவமான பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, தேடினால் கிடைக்காது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு புரோகிராமாலும் படிக்க முடியாது. எனவே நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். எழுத்து எழுத்தாகவே உள்ள மூல எஸ்விஜியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த மூலம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை கொட்டத் தொடங்கும் முன்பே செயலாளர் ஒரு யோசனை சொன்னார். "தம்பி, கரண்ட் போனா சார்ஜ் போயிடும், டவர் போயிடும். உங்க சர்வரும் வேலைக்கு ஆகாது, வாட்ஸ்அப்பும் வேலைக்கு ஆகாது. பேப்பர்ல போட்டு ஒட்டிடலாம்."

வாட்ஸ்அப்பில் சுற்றிய படம் 1000 பிக்ஸல் அகலம். அதைப் பிரிண்ட் எடுத்திருந்தால் தெருப் பெயர்கள் மங்கியிருக்கும். ஏ4 தாளில் தெளிவாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480க்கு 3508 பிக்ஸல் வேண்டும். மூல எஸ்விஜி கையில் இருந்ததால் அந்த அளவில் புதிதாக ஒரு பிஎன்ஜி எடுக்கச் சில வினாடிகளே ஆயின. அனுப்பும் முன், மேடு, மேடவாக்கம், குரோம்பேட்டை என்ற மூன்று சொற்களையும் என் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பதினைந்து பிரதி எடுத்து, மளிகைக் கடை, மருந்துக் கடை, பால் பூத் என்று ஒட்டினோம்.

புயல் நாளில் அவர் சொன்னபடியே ஆனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடியும் தண்ணீர். மளிகைக் கடை ஷட்டரில் பாலிதீன் உறைக்குள் இருந்த தாளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மேட்டுத் தெரு வழியாகக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் போனதை நானே பார்த்தேன்.

நீங்களும் தமிழ்ப் பெயர்களோடு ஒரு படம் வரைந்தால், அது கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் ஊர்த் திருவிழா நோட்டீஸாக இருந்தாலும், மூலத்தை வெக்டாராகச் சேமியுங்கள். ராஸ்டராக மாறிய படத்தை, அனுப்பியவர் கம்ப்யூட்டரில் அல்ல, பெறுபவர் போனில் ஒருமுறை படித்துப் பாருங்கள். சோதிக்க ஒரு சொல் வேண்டுமென்றால் குரோம்பேட்டை போதும். அது சரியாக வந்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாக வரும்.